முள்வேலியும் முட்டி வலியும்

நாலு வருஷமாக ஒரு முட்டி வலியைப் பேணி வளர்த்து வந்தேன். தண்ணீர்க் குடம் தூக்கச் சொன்னால் வரும். சீட்டாடக் கூப்பிட்டால் போய்விடும். கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பில் அன்று காலையும் அதைச் சொல்லித்தான் நிழலில் உட்கார்ந்திருந்தேன். மனைவி தொரட்டியால் கிளையை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கிட்டு ஒரு கிளை விட்டுப்போச்சு பாரு," என்று கை காட்டியது நான்தான். அதன் இலை மறைவில் கதண்டுக் கூடு இருந்தது. ஆளையே கொல்லும் பெரிய குளவி.

அவள் அலறினாள். நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. துண்டால் விசிறி அவளை இழுத்து வருவதற்குள் உதடு தடித்து, முகம் வீங்கி, "மூச்சு வரலங்க" என்று கண் செருகிவிட்டாள். தூக்கித் தோளில் போட்டேன். ரோட்டுக்குப் போகும் வழியில் குறுக்கே முள்வேலி. நல்ல நாளில் அதைச் சுற்றிப் போகவே சலித்துக்கொள்கிறவன், செருப்பில்லாத காலோடு மிதித்து ஏறிப் போனேன். ஒரு முள்கூட உறைக்கவில்லை. நெஞ்சு அடிப்பது மட்டும் காதுக்குள் போர்செட்டு மோட்டார் ஓடுவதுபோலக் கேட்டது.

வழியில் வந்த லோடு ஆட்டோ எங்களைச் சுகாதார நிலையத்தில் இறக்கியது. டாக்டரம்மா அவள் தொடையில் ஊசி போட்டார்.

"என்ன ஊசிம்மா?"

"அட்ரினலின். பயந்தா சிறுநீரகத்துக்கு மேல இருக்கற சுரப்பி விடும். இப்ப உங்க ஒடம்புல ஓடுறதும் அதேதான். அவங்களுக்கு ஊறுறது பத்தல, அதான் வெளியேயிருந்து குடுக்குறோம். மூச்சுக்குழாய் தெறந்துரும்."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. என்னை முள்ளில் நடக்கவைத்த அதே சரக்கு, அவள் தொண்டையைத் திறந்துவிட்டது! என்னைப் போன்ற சோம்பேறிக்குள்ளும் இப்படி ஒன்று, ஒரு நாள் வேலைக்காக இத்தனை வருஷம் சத்தமில்லாமல் காத்திருந்திருக்கிறது.

"உங்க கழுத்துலயும் அஞ்சு கொட்டு இருக்கே!" என்றார் டாக்டரம்மா. அவர் சொன்ன பிறகுதான் "ஐயோ" என்று கத்தினேன். உள்ளங்கால் முள்ளெல்லாம் ஒவ்வொன்றாக ஆஜர் கொடுத்தன. முட்டி மடங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி வீங்கிய கண்ணைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"ஏங்க, என்னையத் தூக்கிக்கிட்டு ஓடுனீங்களே. முட்டி எப்புடி இருக்கு?"

"உசுரு போவுது புள்ள," என்றேன். நாலு வருஷத்தில் முதல் முறையாக உண்மை சொன்னேன்.

அவள் நம்பவில்லை. சிரித்தாள். சிரிக்கிற அளவுக்கு மூச்சு வந்திருந்தது.