புஷ்பவல்லி கன்னத்தில் அடக்கிய வேர்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிடுகிறவள் புஷ்பவல்லி. என் பக்கத்து வீட்டுக்காரி. ஐம்பத்தாறு வயது. புருஷன் விட்டுப் போய் இருபது வருஷம்.

"வாங்கக்கா வாங்க, மாரி காக் மாரி, புது டிசைன் வந்திருக்கு, பார்த்துட்டுப் போங்க லா!" என்று தமிழும் மலாயும் கலந்து அவள் போடும் சத்தம் நாலு கடை தாண்டிக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் சம்பளம். தொண்டை கட்டினால் வேலை இல்லை. அதனால் அந்தத் தெருவில் கூவி விற்கிறவர்கள் செய்வதையே இவளும் செய்தாள்: கன்னத்தில் ஒரு துண்டு அதிமதுர வேர்.

மற்றவர்கள் தீபாவளி மாதத்தில் மட்டும் போடுவார்கள். இவளுக்குக் கொரோனா வந்து தொண்டை கெட்ட பிறகு தினமும் அதுதான். காலையில் வேர், மத்தியானம் வேர், மிச்சத்தைக் கொதிக்கவைத்துப் பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு போவாள். நான் தடுத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நானே தேனில் பொடி குழைத்துக் கொடுத்திருக்கிறேன்.

போன வருஷம் கால் வீங்கியது. தலைவலி. கிளினிக்கில் அளந்தால் பிரஷர் நூற்று எண்பத்தெட்டு.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று தாதி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மிஸ்ஸி."

அவள் மறைக்கவில்லை. அதிமதுரத்தை அவள் மருந்தாகவே நினைத்ததில்லை. உடனே எல்லாரும் உப்பின் மேல் பாய்ந்தார்கள். கருவாடா, ஊறுகாயா, வாயைக் கட்டத் தெரியாதா என்று ஒரே ஏச்சு. மூன்று மாதம் உப்பில்லாத ரசம் குடித்தாள். திரும்ப அளந்தால் நூற்றுத் தொண்ணூற்றைந்து! ஒரு மாத்திரை மூன்றானது. "திருட்டுத்தனமாத் திங்கிறீங்கம்மா" என்று மகன் விமலன் கத்தினான். அவள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தவள் நான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடை வாசலிலேயே கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். இரத்தத்தில் பொட்டாசியம் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். விஷ்ணுப்ரியா என்று ஒரு சின்ன டாக்டர் பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று குனிந்து பார்த்தாள்.

"ஆன்டி, வாயில என்ன?"

"அதிமதுரம்மா. தொண்டைக்கு."

"எத்தனை நாளா?"

"நாளா? ரெண்டு வருஷமாச்சு, காலையிலேர்ந்து படுக்கிற வரைக்கும்."

"துப்புங்க. இப்பவே. இதை அளவில்லாம சாப்பிட்டா உடம்புல உப்பும் தண்ணியும் தங்கிரும், பொட்டாசியம் வெளிய போயிரும். பிரஷர் ஏறும், இதயத்தையே நிறுத்திரும். இதை விடாம மாத்திரை முழுங்கி என்ன பிரயோஜனம்?"

நான் நேரே புஷ்பவல்லி வேர் வாங்கும் நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன்.

"இவ்வளவு வாங்கிட்டுப் போறாளே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"இயற்கைப் பொருள்க்கா. சைட் எஃபெக்டே கிடையாது."

"அரளி விதையும் இயற்கைதான். அதையும் டப்பாவுல போட்டு விக்கிறியா?"

"கொஞ்சமாச் சாப்பிட்டா ஒண்ணும் செய்யாதுக்கா..."

"அந்தக் கொஞ்சம் பாக்கெட்டுல எங்க எழுதியிருக்கு? எனக்குப் படிக்கத் தெரியாது. நீ படி!"

கடைக்காரன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் கடை முதலாளி பரமேஸ்வரன் வார்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம், அதோடு ஒரு பாக்கெட் அதிமதுரம்!

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, புஷ்பா. சின்னத் துண்டாப் போட்டுக்கிட்டு வந்து நில்லு. சீசன் நேரம். இல்லாட்டி நான் ஸ்பீக்கர்தான் வைக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கை பாக்கெட்டுக்கு நீண்டது. பாதியில் நின்றது.

"ஸ்பீக்கரையே வைங்க பாஸ்," என்றாள், கரகரத்த குரலில். "எனக்குச் சேலை மடிக்கிற வேலை குடுங்க. இல்லன்னா நான் வரல."

முனகிக்கொண்டேதான் கொடுத்தார். பதினைந்து வருஷமாக வாசலில் கூட்டம் சேர்த்தவளுக்கு இதைக் கொடுக்க அத்தனை முனகல்!

இரண்டு மாதத்தில் பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு இறங்கியது. டாக்டர் இரண்டு மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். குரல் மட்டும் திரும்பவில்லை. போன வாரம் என் வீட்டுக்கு வந்து, இனிமேல் வாசலில் நிற்க முடியாதே என்று அழுதாள்.

நான் சமாதானம் சொல்லவில்லை. "உயிரோடதானே உக்காந்து அழுவுறே? அழு" என்றேன்.