கடுகுக்குட்டியின் முறைப்பாடு

ஞானாம்பிகை அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கொடிகாமத்துக்குக் கிட்ட மிளகாய் அரைக்கிற மில் வைத்திருக்கிறார். இருபது கிலோ மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி வைப்பார். ஆனால் வாயைத் திறந்தால் ஐந்து வயதுப் பிள்ளையின் குரல்தான் வரும். அந்தக் காலத்தில் பெண் பார்க்க வந்த ஒருவர் படலை வாசலில் நின்று குரலைக் கேட்டுவிட்டு, "மூத்தவளுக்கு எண்டெல்லோ சொன்னவை" என்று திரும்பிப் போனார். பிறகு ஒருவரும் வரவில்லை.

அதைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மின்கம்பம். இரண்டு வருடமாக அது மில்லின் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. கூரையோ தகரம். கம்பி அதில் பட்டால் மிளகாயோடு அக்காவும் வறுபட வேண்டியதுதான்.

கம்பத்துக்குப் பொறுப்பான கந்தோருக்குப் போன் எடுத்தால், "பிள்ளை, போனை அம்மாட்டைக் குடுங்கோ" என்பார்கள். அம்மா செத்துப் பதினொரு வருடம். நேரே போனால், "முறைப்பாடு போனிலைதான் எடுப்பம்" என்பார்கள். எந்தக் கந்தோர் என்று நான் எழுதமாட்டேன். மில்லுக்குப் பக்கத்தில் இருக்கிற என் வீட்டு மீற்றரும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பி மகள் நிரோஜினி வந்தாள். சாவகச்சேரியில் சிநேகிதர்களோடு சேர்ந்து யூடியூப்புக்குக் கார்ட்டூன் செய்கிறவள். அதிலே உள்ளங்கையளவு தேவதை ஒன்று, பெயர் கடுகுக்குட்டி. இறக்கை இருக்கிறது, பொறுமை இல்லை, குரலும் இன்னும் கிடைக்கவில்லை.

"மாமி, நடிக்க வேண்டாம். நீங்கள் கோவத்திலை கதைக்கிற மாதிரிக் கதைச்சால் காணும்."

அக்கா கதைத்தார். மூன்று மாதத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கடுகுக்குட்டியின் ஏச்சு இல்லாமல் சோறு உண்பதில்லை.

ஐப்பசிக் காற்றில் கம்பம் கூரைக்கு ஒரு முழத் தூரத்துக்கு வந்துவிட்டது. அக்கா பயந்துபோனார். பயம் வந்தால் அவருக்குக் கோபமும் வரும். போனை எடுத்தார்.

"உந்தப் போஸ்ற் என்ரை தலையிலை விழுந்தாத்தானோ வருவியள்?"

மறுபக்கத்தில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, "இது... கடுகுக்குட்டியோ?"

"ஓம்! அதுக்கு இப்ப என்ன?"

"என்ரை மகள் உங்களைப் போடாட்டில் வாயே திறவாள். விலாசத்தைச் சொல்லுங்கோ."

இரண்டு வருடம் கிடைக்காத லொறி அடுத்த நாள் காலை எட்டு மணிக்கே வந்தது. நான்கு தொழிலாளர், போனில் கதைத்த உத்தியோகத்தர் லோஜன், அவருடைய சின்ன மகள். ஒன்றரை மணித்தியாலத்தில் கம்பம் நிமிர்ந்து நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல வார்த்தையில்லை. இவ்வளவுதானா வேலை!

மகள் அக்காவை அண்ணாந்து பார்த்தாள்.

"நீங்கள் ஏன் இவ்வளவு பெரிசு?"

"ரீவி சின்னனெல்லோ குஞ்சு, அதுக்குள்ளை அடங்கி இருக்கிறனான்."

பிள்ளை முழுதாக நம்பிவிட்டது. லோஜன் முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்தார்.

"அக்கா, உங்கடை பேர்?"

"கடுகுக்குட்டி எண்டே எழுதுங்கோ தம்பி. ஞானாம்பிகை ரெண்டு வருசமாக் கூப்பிட்டவள், நீங்கள் வரேல்லை."

லோஜன் பேனையைத் திறந்தார். அப்படியே எழுதினார். அடுத்த நாள் மேலதிகாரியும் அதன் கீழே கையெழுத்து வைத்தார்.