என் லேத்துக்குத் தண்ணீர் காட்டுவதில்லை

லேத் பட்டறைக்காரனுக்கு ஜாதகம் பார்க்க வேண்டாம், கையைப் பார்த்தாலே போதும். இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற கூலண்ட் பால் போல வெள்ளையாக இருக்கும். அதில் இருபது வருடம் நனைந்த என் கை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. "ஒண்ணு அந்தத் தண்ணிய விடுங்க, இல்ல தொழில விடுங்க" என்று தென்காசியில் தோல் டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வேறு தொழில் தெரியாது. கை எரிகிற சக பட்டறைக்காரர்களே, இது உங்களுக்காகத்தான்.

சாரலோடு வந்தவர்

டூல் விற்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வருடம் முழுக்கப் போனில்தான் பேசுவார். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் மட்டும் நேரில் வந்துவிடுவார். டாக்டர் அப்படிச் சொன்ன வருடமும் அருவியில் குளித்து, தலை துவட்டாமல் வந்து நின்றார். கை குலுக்க நீட்டினார். நான் என் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

பார்த்துவிட்டார். பையிலிருந்து, இரும்பை வெட்டுகிற, பொன் நிறப் பூச்சுப் போட்ட கார்பைடு டிப் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். நாலு மூலையிலும் வெட்டும் மூக்கு. சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஓட்டலாம் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சூடு தாங்கோணும்னே பூசினதுங்க. குளியல் எனக்குத்தானுங்க, இதுக்கு வேண்டாமுங்க."

இசக்கியின் இரக்கம்

இசக்கி என் பட்டறையில் அடுத்த மிஷினில் நிற்பவர், என் வயதுதான். முதல் நாள் தண்ணீரில்லாமல் ஓட்டியபோது டிப்பின் முனை சிவந்து, லேசாகப் புகை வந்தது. நான் டீ வாங்கப் போன நேரத்தில் மனுஷருக்குப் பொறுக்கவில்லை. ஒரு மக் தண்ணீரை அதன் தலையில் ஊற்றிவிட்டார். ஊற்றினால் கடைசிவரை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் தொடவே கூடாது. கொதிக்கிற டிப்பில் திடீரென்று தண்ணீர் பட்டால் விரிசல்தான். நான் டீயோடு உள்ளே நுழையும்போது 'டிக்' என்றது, நாலு மூக்கில் ஒன்று போயிற்று.

என் பிழைப்பே அந்த டிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். இசக்கி மக்கைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"மாட்டுக்கே தண்ணி காட்டுதோம்லா, இதுக்குக் காட்டக் கூடாதா வே?"

நீலச் சுருள்

பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவர் கிணற்று மோட்டாரின் ஷாஃப்டைக் கடைய எடுத்து வந்தார். தோட்டத்தில் தக்காளி வாடிக்கொண்டிருந்தது. இரும்புச் சுருள் நீலமாகத் தெறிப்பதைப் பார்த்ததும் "ஐயோ, கருகுதே!" என்று பதறினார். இவர் வேலை கெட்டால், மறுநாள் அந்த ஊர்க் காய்கறிச் சந்தை பூராவும் என் பெயர் நாறும்.

மிஷினை நிறுத்தி ஷாஃப்டைத் தொடச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைத் தொடுகிற மாதிரி ஒரு விரலால் தொட்டார். அப்புறம் உள்ளங்கையையே வைத்தார். இளஞ்சூடுதான். சூட்டில் பெரும்பகுதியைச் சுருள் கொண்டுபோய்விடுகிறது என்றேன்.

"சூட்டப் பூராம் அடுத்தவன்ட்ட தள்ளிட்டு இது சொகமா இருக்கே! எம் மச்சினன் மாதிரில்லா இருக்கு, அண்ணாச்சி!"

பாயின் டெம்போ

என் இரும்புச் சுருளை எடுத்துப் போகும் பழைய இரும்புக்கடை பாய், முன்பெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவார். கூலண்டில் நனைந்த சாக்கு சொட்டும், டெம்போ நாறும். இப்போது காய்ந்த சுருளைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இனிமே இந்த வண்டில எம் பொண்டாட்டியும் ஏறுவா."

பந்தியில்

எல்லா வேலையும் காய்ந்தே நடக்கிறது என்று அளக்க மாட்டேன். அலுமினியம் டிப்பில் அப்பிக்கொள்ளும். அதற்குத் தண்ணீர் வேண்டும். அந்த வேலைகளை இசக்கி கேட்காமலே தன் மிஷினுக்கு எடுத்துக்கொள்கிறார். கோயம்புத்தூர்க்காரருக்கும் அவருக்கும் நான் பட்ட கடன் நன்றிக் கடன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தி. இலையில் கொதிக்கக் கொதிக்க ரசம் விட்டார்கள். பழக்கத்தில் கையை இழுத்துக்கொண்டேன். பிறகு மெல்லப் பிசைந்தேன். எரியவில்லை. கண் கலங்கிவிட்டது, ரசத்தின் மிளகு என்று சமாளிக்கப் பார்த்தேன். இரண்டாம் தடவையும் ரசம் கேட்டு வாங்கி அள்ளி அள்ளித் தின்றேன். பக்கத்து இலையில் இருந்த என் மனைவி குனிந்து சொன்னாள்:

"மெல்லச் சாப்பிடுங்க, கை எங்கனயும் ஓடிப் போயிராது."

எந்தெந்த ஊரிலிருந்தோ தண்ணீரைத் தேடிக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். அதன் பக்கத்திலேயே இருந்துகொண்டு தண்ணீரை விட்டதால் பிழைத்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.