சைபர் நிமிடம்

அன்று அந்தப் பெண் சொன்னது என் காதில் விழுந்ததா, விழவில்லையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இது இந்த செமஸ்டரில் நடந்தது. பெங்களூரில் ஒரு டிகிரி காலேஜில் புள்ளியியல் பாடம் எடுக்கிறேன். வீடு எலெக்ட்ரானிக் சிட்டியில். இரண்டரை வயது மகளை டேகேரில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன்.

எங்கள் காலேஜில் ஒவ்வொரு வகுப்பையும் ஒரு சாஃப்ட்வேர் பதிவு செய்துவிடும். துப்பட்டாவில் சின்ன மைக் குத்திக்கொண்டு பாடம் நடத்துவோம். பிள்ளைகள் வீட்டில் திரும்பப் பார்க்கலாம். யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதும் எங்களுக்கு வந்துவிடும். பார்க்காதவர்கள் பெயர் சிவப்பில் இருக்கும். அவர்கள் வீட்டுக்கு ஃபோன் செய்ய வேண்டும் என்பது விதி. தமிழ் பேசும் வீடுகளை என்னிடம் தள்ளிவிடுவார்கள்.

அந்த மாதச் சிவப்பில் ஸ்ரீராம்புரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். சைபர் நிமிடம். தினமும் வகுப்புக்கு வந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறவள். எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஃபோன் செய்தேன். அவள் அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை செய்கிறவர். பொறுமையாகக் கேட்டார்.

"தினம் சாயங்காலம் பாடம் பாக்கணும்னு ஃப்ரெண்டு வூட்டுக்குப் போறாளே மேடம். அப்ப எங்கதான் போறா?"

அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். "எங்க கம்ப்யூட்டர்ல பாக்கவே இல்லன்னுதான் சார் காட்டுது" என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

பரீட்சைக்கு முன்னால், பதிவுகளின் முன்னும் பின்னும் இருக்கும் வெட்டிப் பேச்சை நறுக்க உட்கார்ந்தேன். அதை வாராவாரம் செய்ய வேண்டும். நான் தள்ளிப் போட்டிருந்தேன். ஒரு வகுப்பு முடிந்தும் மைக்கை அணைக்காமல் விட்டிருக்கிறேன். பெஞ்சுகள் நகரும் சத்தம். பிறகு அவள் குரல்.

"மேடம், எங்கிட்ட ஃபோன் இல்ல. என் ஃப்ரெண்டு ஃபோன்ல அவ லாகின்லதான் ரெண்டு பேரும் சேந்து பாக்கறோம். எனக்கு சைபர்னு வந்தா தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்."

அடுத்து என் குரல். "ம்ம்... சரிம்மா, சரிம்மா, அப்புறம் பாக்கலாம்."

தேதியைப் பார்த்தேன். அவள் அப்பாவிடம் பேசுவதற்கு நான்கு நாள் முன்பு. என் மகளுக்குக் காய்ச்சல் என்று டேகேரிலிருந்து மெசேஜ் வந்த நாள். அவள் பேசும்போது நான் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

உடனே அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்து, அவள் தோழியின் ஃபோனில்தான் பாடம் பார்த்திருக்கிறாள், தவறு என்னுடையது என்று சொன்னேன்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. அந்த ஃப்ரெண்டு பொண்ணும் இதையேதான் சொல்லுச்சு. எல்லாம் பேசி வெச்சிக்கினு சொல்றீங்களா மேடம்? அவள எங்க அக்கா வூட்டுக்கு அனுப்பிட்டேன். மாப்பிள்ளையும் பாத்தாச்சு. வுட்டுடுங்க."

துறைத்தலைவரிடம் சொன்னேன். "நீங்க விதிப்படிதானே செஞ்சீங்க? இதெல்லாம் எழுத்துல குடுத்து மாட்டிக்காதீங்க" என்றார். நானும் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை.

அந்தப் பதிவை மட்டும் நான் நறுக்கவில்லை. செமஸ்டர் முடிந்தால் சாஃப்ட்வேர் தானாகவே அழித்துவிடும். இன்னும் சில நாட்கள்தான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் நின்று, மகளின் குரலை அந்த அப்பாவுக்குப் போட்டுக் காட்டலாமா என்று தினமும் நினைக்கிறேன். கல்யாணம் பேசியிருக்கும் நேரத்தில் நான் போய் நின்றால் அவளுக்கு இன்னும் கெட்ட பெயராகுமோ என்று பயம் வருகிறது. அது அவளுக்கான பயமா, அதில் என் குரலும் இருக்கிறதே என்ற பயமா என்பதும் எனக்குப் புரியவில்லை.

இப்போதெல்லாம் என் மகள் ஏதாவது சொல்ல வந்தால் கையிலிருக்கும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அதனால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. படிக்கிறவர்களில் பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் இருப்பீர்கள். அந்த வாசலில் நான் வந்து நின்றால் கதவைத் திறப்பீர்களா? எப்படிப் பேசினால் கேட்பீர்கள்? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.