கணக்கு டீச்சரின் கழுத்துக் கத்தி

அந்தக் கத்தியை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆள்காட்டி விரலைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவே. கணக்கு டீச்சர் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றை இழுத்துக் காட்டினார். முனையில் ஒரு சின்ன உறை தலைகீழாகத் தொங்க, அதிலிருந்து கத்தியின் பிடி கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. படக்கென்று இழுத்தார். அடுத்த நொடி கத்தி கையில் பளபளத்தது. "பாத்தீங்களா? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுச்சி" என்றபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிரிக்கெட்டில் ஜெயித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தார்.

நாங்கள் இருவரும் கல்வராயன் மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தோம். வீடு கள்ளக்குறிச்சியில். பஸ் நேரம் ஒத்துவராததால் என் ஸ்கூட்டரில்தான் போய்வருவோம். ஒரு நாள் மாலை, இறங்கும் வழியில் இரண்டு பேர் பைக்கில் பின்தொடர்ந்து, ஏழெட்டு வளைவுகள் வரை விடாமல் சீண்டினார்கள். அதை வீட்டில் வந்து சொன்னது என் புத்திகெட்டதனம். அப்பா கரும்பு விவசாயி. பேச்சு கம்மி, முடிவு ஜாஸ்தி. "இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சின்னா வேலைய வுட்டுடு. வூட்ல ஒனுக்கு சோறு இல்லாமலா பூடும்?" என்றுவிட்டார். மூன்று முறை பரீட்சை எழுதி வாங்கிய வேலை அது. மறுநாள் கணக்கு டீச்சரிடம் சொல்லிப் புலம்பினேன். அதைக் கேட்டுத்தான் கணக்கு டீச்சர் கத்தி வாங்கக் கிளம்பினார்.

சின்னசேலத்தில் ஓர் இரும்புக் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அங்கேயே நின்றோம். மடக்குக் கத்தி கூடாது, திறக்க இரண்டு கையும் வேண்டும். நீளக் கத்தி கூடாது, உட்காரும்போது வயிற்றில் இடிக்கும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஒவ்வொரு பிடியாகப் பிடித்துப் பார்த்தார்; வழுக்கியதை எல்லாம் ஒதுக்கினார். "காய் அரியறதுக்குத்தானம்மா?" என்று கடைக்காரர் சந்தேகமாகக் கேட்டார். "ஆமாங்க, கொஞ்சம் முத்தலான காய்" என்றார் இவர். நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்தேன்.

பிளாஸ்டிக் பைப் துண்டை அடுப்பில் காட்டி இளக்கி, கத்தியை நடுவில் வைத்து இரண்டு பலகைக்கிடையே அழுத்தி, உறையையும் அவரே செய்தார். கயிறு மட்டும் வேண்டுமென்றே மெல்லியது. "எவனாவது புடிச்சி இழுத்தா கயிறு அறுந்துடணும் டீச்சர், நம்ம கழுத்து மாட்டிக்கக் கூடாது." வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் சாணைக்கல்லை நனைத்து உட்கார்ந்துவிடுவார். கணக்கு டீச்சர் ஆயிற்றே, பாகைமானி வைத்து இருபது டிகிரி பார்த்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. பிறகு செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டினால் சத்தமே இல்லாமல் இரண்டாகும். பள்ளிக்குப் போனதும் கத்தி பீரோவுக்குள் போய்விடும், சாவி அவரிடம். வண்டி ஓட்டுகிறவளுக்குக் கை ஒழியாது என்பதால் பின்னால் உட்காரும் அவர் கழுத்தில்தான் கத்தி. நான் "இப்போ!" என்றால் அவர் உருவ வேண்டும். எத்தனை முறை பழகினோம்!

கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பிள்ளையின் அம்மா முழுப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். சத்துணவுக் கூடம் பூட்டியிருந்தது. பிள்ளைகள் போனதும், இருக்கவே இருக்கிறது நம் கத்தி என்று பீரோவைத் திறந்தோம். நாங்கள் மலைக்குக் கீழே சமவெளிக்காரர்கள்; பலாவைத் தள்ளுவண்டியில் சுளையாகத்தான் பார்த்திருக்கிறோம். விரல் நீளக் கத்தியால் அதை வெட்டி முடிக்க ஒரு மணி நேரமானது. சுளை தேன்தான். கத்தியைத் தண்ணீரில் கழுவி, துடைத்து, உறையில் செருகிக்கொண்டு கிளம்பினோம்.

நாலாவது வளைவில் அதே பைக், சாலைக்குக் குறுக்கே. அதே இரண்டு பேர். "இப்போ!" என்று கத்தினேன். பின்னால் முக்கும் சத்தம் மட்டும் கேட்டது. "வர்ல டீச்சர்! ஒட்டிக்கினு இருக்கு!" மறுபடி இழுத்தார். கயிறு அறுந்து, உறையோடு மொத்தமும் கையில் வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "டேய்!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், மலையே திரும்பிக் கத்தியது. பயமா கோபமா தெரியவில்லை, நான் ஹாரனை அழுத்தியபடி ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். பைக்குக்கும் பாறைக்கும் நடுவே இருந்த இடைவெளியை நோக்கி வண்டியை விட்டேன். ஒருவன் தாவினான், ஒருவன் பள்ளத்தில் விழுந்தான். வண்டியின் பக்கக் கண்ணாடி பாறையில் உரசித் தெறித்தது. நிற்கவே இல்லை.

கச்சிராயபாளையம் டீக்கடையில்தான் மூச்சு வந்தது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கடைக்கார அம்மா உறைக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டு ஆட்டியதும் கத்தி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "பலாப்பாலு எண்ணெயிலதான் போவும். இதுகூடத் தெரியாமலா பாடம் நடத்துறீங்க?" என்றார். பைக் நம்பரைக் கணக்கு டீச்சர் மறப்பாரா? அன்றே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். இப்போது அவர் உளுந்தூர்பேட்டைக்கு மாற்றலாகிவிட்டார். போனில் பேசினால் இன்றும் "வர்ல டீச்சர்!" என்றுதான் ஆரம்பிப்போம்.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் சிரிப்பு போய்விட்டது. மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். உடைந்த கண்ணாடியை எப்படி மறைப்பது? ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா கேட்டு முடித்து, வண்டிச் சாவிக்குக் கை நீட்டினார். வேலை போயிற்று என்று நினைத்துக் கொடுத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"கண்ணாடி மாத்தியாச்சி. பிரேக்கு லூஸா இருந்துச்சி, டைட்டு வெச்சிக்கினு வந்தேன். ஆரனும் பெருசா போட்டுட்டேன்" என்றார். "திங்கக்கெழம எத்தினி மணிக்குமா கெளம்பற?"