பழைய ஓவர்லாக், புது ஓவர்லாக்

வில்பட்டியில் வீட்டு முன்னறையிலேயே நான் தையல் கடை நடத்திக்கொண்டிருந்தபோது, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. துணியின் ஓரம் நூல் நூலாகப் பிரியாமலிருக்க ஓவர்லாக் மிஷினில் அடிக்க வேண்டும். என்னிடம் அது இல்லை. துணியை மூட்டை கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு பஸ் ஏறி, அங்கே ஒரு தையல்காரரிடம் கொடுத்து அடித்து வாங்கி வருவேன். அவர் தன் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் என் மூட்டையை அவிழ்ப்பார். பாதிப் பகல் அவர் கடை ஸ்டூலிலேயே கழியும்.

மிஷின் வாங்க வேண்டும் என்பதில் வீட்டில் சண்டை இல்லை. புதிதா பழையதா என்பதில்தான் சண்டை. என் கணவர் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுபவர். பழைய சாமான் என்றால் அவருக்குப் பித்து. எங்கள் டிவி, பீரோ, அவர் போட்டிருந்த ஸ்வெட்டர் வரைக்கும் வேறு யாரோ பயன்படுத்தி அலுத்தவைதான்.

"புதுசாவே வாங்கிருவோம்ங்க. தெனமும் ஓட வேண்டிய மிஷின்."

"புதுசுல எல்லாம் தகரம். பழசுன்னா இரும்பே தனி. ஓடிப் பழகுன மிஷின் நிக்காது."

"ஓடித் தேஞ்சிருக்குமேங்க."

"ஒனக்கு மிஷினப் பத்தி என்ன தெரியும்?" என்றார். நாள் முழுக்க மிஷினில் உட்கார்ந்திருப்பவள் நான். அவர் தன் சட்டைக்கு ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.

பேச்சு முடியுமுன்பே திண்டுக்கல்லிலிருந்து காய்கறி லாரியில் ஒரு பழைய ஓவர்லாக்கை ஏற்றி வந்துவிட்டார். காலால் மிதித்து ஓட்டுவது. "வெரசா வந்து பாரு" என்று கூப்பிட்டு, ஒரு கந்தல் துணியில் ஓட்டிக் காட்டச் சொன்னார். அழகாக அடித்தது. மறுநாள் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் தையல் விட்டு விட்டு விழுந்தது. வெள்ளைச் சட்டைகள் மேலெல்லாம் எண்ணெய் சொட்டியது. சாயங்காலம் அவர் பக்கத்தில் நின்று பார்த்தார்; ஒரு தையல்கூடத் தப்பவில்லை.

"ஒனக்கு மிதிக்கத் தெரியல" என்றார்.

எண்ணெய்க் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல்கள் மரத்துப்போயின. மூடுபனியில் சட்டைகள் காயவும் இல்லை. டவுனிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். மிஷினைத் திறந்து பார்த்தவர், "இதுல எதை மாத்தணும்னு கேக்காதீங்க அக்கா. எதை விடலாம்னு கேளுங்க" என்றார்.

அதன்பிறகு யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு நானே மதுரைக்குப் போய், மோட்டார் வைத்த புது மிஷின் வாங்கி வந்தேன். வெண்ணெய் போல ஓடியது. அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. மின்வெட்டு ஆரம்பித்துவிட்டது. காலையில் கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், மழையில் மரம் சாய்ந்தால் நாள் முழுக்க. பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. அங்கிருந்து போன் மேல் போன். வெட்டிய பாவாடைகள் மலையாகக் குவிந்து கிடக்க, புது மிஷின் முன்னால் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, புது மிஷின் சும்மா கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார். என் கையில் கத்தரி இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

எரிச்சலில் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் மூலையில் கிடந்த பழைய மிஷினின் ஸ்டாண்டு கண்ணில் பட்டது. மேலே தைக்கிற தலைதான் கெட்டது, கால் மிதியும் சக்கரமும் நன்றாகத்தான் இருந்தன. மறுபடி மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "புதுத் தலைய பழைய ஸ்டாண்டுல ஏத்த முடியுமாங்க?"

"பலகையில புதுசா ஓட்ட போடணும் அக்கா. பெல்ட்டும் மாத்தணும். செய்யலாம்."

மறுநாள் வெள்ளனே மெக்கானிக் வந்துவிட்டார். ஆனால் ஓட்டை போடும் டிரில்லுக்கும் கரண்ட் வேண்டும். மத்தியானம் வரைக்கும் இருவரும் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் மளமளவென்று மாட்டிவிட்டார். அன்றிலிருந்து மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் கடைசி மூட்டையை அனுப்பினேன்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் கணவர் அந்த மிஷினைக் காட்டிச் சொல்வார்: "பாதி பழசு, பாதி புதுசு. ரெண்டும் வேணும்னு நான் அப்பவே சொன்னேன்." அந்தப் பெருமையிலேயே அடுத்த மாதம் ஒரு பழைய கரண்ட் இஸ்திரிப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். அதில் ஒயர் இல்லை.