இரண்டாவது பொட்டணம்

கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் மற்றவர்கள் சரிவில் ஒரு காலை ஊன்றி, மறு காலை மடக்கி விதைப்பார்கள். இருசாயி நிமிர்ந்து நின்று விதைத்தாள். அவள் காடு அப்படிச் சமமானது. தானாகச் சமமானதில்லை. அவளும் புருஷன் காத்தானும் வருஷக்கணக்கில் கல் பொறுக்கிச் சமமாக்கியது. வேலை முடிந்த வருஷமே காத்தான் காய்ச்சலில் செத்தான். பிள்ளை இல்லை. சாமையோ ராகியோ, அந்தக் காடு தருவதுதான் அவளுக்குச் சோறு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷக் கோடையில் ஒரு துரை மலையேறி வந்தார். குதிரைப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரிகள், ஜமீன்தார்களைப் போன்ற மிட்டாதார்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோடை முழுக்கக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்க முகாம் போட வேண்டும். குதிரை வட்டமாக ஓட, மேடு பள்ளம் இல்லாத இடம் வேண்டும். கொல்லிமலையில் அதற்கு எங்கே போவது? இருசாயியின் காடு அவர் கண்ணில் பட்டது.

ஊர்க்கவுண்டர் குழந்தைசாமி இருசாயியின் தம்பி. தாய் செத்த பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன்.

"கோடையில காடு சும்மாதானக்கா கெடக்குது? மொத மழை விழுந்தா ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க. லத்தியெல்லாம் உனக்கு எரு" என்றான்.

அந்த வருஷம் சொன்னபடியே நடந்தது. மழை விழுந்தது, முகாம் இறங்கியது, ராகிக் கதிர் கனத்துத் தொங்கியது. அடுத்த கோடையில் துரை மறுபடி வந்தபோது அவளே போய் வேலிப்படலைத் திறந்துவிட்டாள்.

அந்தக் கோடை அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விடிந்து பனி விலகும்போதே மட்டக்குதிரைகள் கனைக்கும். டோலியில் தூக்கிவரப்பட்ட பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சேணத்தில் ஏறி உட்காருவார்கள். துரை நடுவில் நின்று, "முதுகு! முதுகு!" என்று கத்துவார். அவருக்கு நன்றாகத் தெரிந்த தமிழ் அதுதான். விழுந்த பிள்ளையை எழுப்பி மண்ணைத் தட்டுவது, புல் அறுப்பது, தண்ணீர் காட்டுவது இருசாயியின் வேலை.

அடிவாரத்து மிட்டாதார் மகள் பொன்னம்மாளுக்கு எட்டு வயது. வந்த அன்று குதிரையைப் பார்த்து அலறி இருசாயியின் முந்தானைக்குள் புகுந்தாள். இருசாயி அவள் கையைப் பிடித்துக் குதிரையின் மூக்கடியில் வைத்தாள்.

"பாரு கண்ணு, கஞ்சியை ஆறவெக்கற மாதிரி ஊதுது. இதுக்குப் போயா பயப்படுவாங்க?"

பொன்னம்மாள் சிரித்துவிட்டாள். பிறகு அவளைக் குதிரையிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடு.

மத்தியானத்தில் பிள்ளைகள் ஒரு விளையாட்டு ஆடுவார்கள். ஒரு கையில் வெல்லக்கட்டியை மறைத்து இரண்டு கையையும் குதிரைக்கு முன்னால் நீட்ட வேண்டும். எந்தக் கையில் வெல்லம் என்று அது முகர்ந்து சொல்ல வேண்டும். மாணிக்கம் என்கிற பையன் வெல்லத்தைத் தின்றுவிட்டு வெறுங்கை இரண்டையும் நீட்டுவான்.

"இன்னொரு கையையும் தொறடா திருடா!" என்று பொன்னம்மாள் அவன் விரலைப் பிரிப்பாள். இருசாயி புல்கட்டின்மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வைகாசியில் மழை விழுந்தது. குதிரைகள் போகவில்லை. காட்டோரத்தில் லாயத்துக்குக் குழி தோண்டினார்கள். அதே வாரம் குழந்தைசாமி ஒரு சாம்பல் நிறக் கிழட்டுக் குதிரைமேல் ஊருக்குள் வந்தான்.

"தொரை குடுத்தாருக்கா. முகாமுக்கு ஆகாதாம்."

"குதிரைமேல உக்காந்திருக்கறது நீயா, நெல்லு மூட்டையா?" என்று கேலி செய்தாள் அக்கா. அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது.

ஊர் கூடியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. துரைக்கு அந்தக் காடு நிரந்தரமாக வேண்டும். நிலம் நாட்டுக்குச் சொந்தம், உழுகிறவர் அனுபவிக்கலாம், கொடுப்பதும் எடுப்பதும் ஊர்க்கவுண்டர் கையில் என்றார்கள் பெரியவர்கள். குழந்தைசாமி தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அம்மன்கிட்டப் பூக் கேளுங்க" என்றாள் இருசாயி. "வெள்ளை வந்தா காடு எனக்கு. செவப்பு வந்தா நான் எறங்கிடறேன். பொட்டணத்தை என் தம்பியே கட்டட்டும். மேகாட்டுப் புள்ள எடுக்கட்டும், அதுக்கு இங்க ஒறவுமில்ல, பகையுமில்ல."

அவள் மேகாட்டுப் பிள்ளை, அதாவது வெளியூர்ப் பிள்ளை, என்றது முகாம் கொட்டகையில் இருந்த பொன்னம்மாளைத்தான். கூட்டத்தில் துரையும் உட்கார்ந்திருந்தார்; அவர் முகாம் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல யாரும் துணியவில்லை.

வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக இலையில் சுற்றி நாரால் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். குழந்தை ஒன்றை எடுக்கும். மற்றதைப் பிரிக்காமல் ஓடையில் விடுவார்கள். பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். சந்தேகப்படாதே என்று ஒரு விதி இருந்தால், அதனால் யாருக்கு லாபம் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

பொன்னம்மாள் எடுத்த பொட்டணத்தில் செவப்பு இருந்தது. இருசாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைசாமி மற்றதை எடுக்கக் கை நீட்டினான். பொன்னம்மாள் முந்திக்கொண்டாள்.

"இன்னொண்ணையும் தொறக்கணும்!"

நார் அறுந்தது. அதிலும் செவ்வரளி.



"பாத்தீங்களா" என்றான் குழந்தைசாமி, நீட்டிய கையை இழுத்துக்கொண்டு. "அம்மன் வெள்ளையையும் செவப்பாக்கிட்டா. அத்தனை கோவம்."

"ஆமாங்க, ஆமாங்க" என்று பக்கத்துக் காட்டு அத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டமும் போட்டுக்கொண்டது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற மனிதர்கள்!

"அம்மன் இல்ல, இவருதான். மாணிக்கமும் இப்படித்தான் ஏமாத்துவான்" என்றாள் பொன்னம்மாள். யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள்.

இருசாயி அம்மனைப் பார்க்கவில்லை, துரையையும் பார்க்கவில்லை.

"கட்டும்போது கை நடுங்கலியா சாமி?" என்று தம்பியைக் கேட்டாள். சின்ன வயதில் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நாட்டோட நல்லதுக்குத்தானக்கா..."

"குதிரை வேணும்னு என்கிட்டச் சொல்லியிருந்தா, பாதிக் காட்டை நானே குடுத்திருப்பேனே."

அவன் குனிந்து, அறுந்து கிடந்த நாரைப் பொறுக்கினான்.

அவள் மலையை விட்டு இறங்கி, அடிவாரத்தில் வீடு கட்டுகிற இடங்களில் கல் சுமந்தாள். மேலே லாயம் எழும்பியது. அடுத்த கோடையிலும் பிள்ளைகள் அவள் காட்டில் குதிரையில் வட்டமடித்தார்கள். பொன்னம்மாளை மட்டும் முகாமில் சேர்க்கவில்லை. அந்த வருஷம் நாட்டுக்கூட்டம் புதிதாக ஒரு கட்டுப்பாடு போட்டது. இரண்டு செவப்பு கட்டக் கூடாது என்றா? இல்லை. வெளியூர்ப் பிள்ளை இனி பூ எடுக்கக் கூடாது என்று.

நோம்பித் திருவிழாவுக்கு அழைக்கக் குழந்தைசாமி ஒருமுறை அடிவாரம் வந்தான். குதிரையைத் தூரத்துப் புளியமரத்தில் கட்டிவிட்டு நடந்து வந்தான்.

"பழசை மறந்துட்டு வாக்கா. அம்மனுக்குப் பூசை. பூக் கேக்கறோம்."

இருசாயி குனிந்து கல்கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.

"எனக்கெதுக்குச் சாமி? என்ன பூ வரும்னு உனக்குத்தான் தெரியுமே."

சாரத்தின் மேலே கொத்தனார் கல்லுக்குக் குரல் கொடுத்தார். அவள் ஏறிப் போனாள்.